எட்டு லிட்டர் பதநீர், ஒரு கிலோ கருப்பட்டி: நடுவுல என்னதான் நடக்குது?

மேப்பிள் சிரப் எடுக்கிற வீடியோ உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். கனடாவுல யாரோ ஒருத்தர். வீட்டுக்குப் பின்னாடி பனி மூடின தோட்டம். மரத்துல டிரில் வெச்சு ஒரு ஓட்டை போடுறார், அதுல ஒரு சின்னக் குழாயைச் சொருகுறார், கீழ ஒரு வாளியை மாட்டுறார். அவ்வளவுதான். மறுநாள் வந்து பாத்தா வாளி நிறைய தண்ணி மாதிரி ஒண்ணு. அதை நாள் முழுக்க அடுப்புல வெச்சா, சாயந்தரம் ஒரு பாட்டில் தேன் கலர் பாகு.

எங்க ஹாஸ்டல்ல இந்த வீடியோவைப் பாத்துட்டு இருந்தப்போ பக்கத்து பெட் நண்பன் கேட்டான்: "ஏன்டா, இது நம்ம ஊரு பதநீர் மேட்டர்தானே?" அதே மேட்டர்தான். மரத்துச் சாறு, அடுப்பு, பாகு. ஆனா ஒரு விஷயம் மட்டும் ஒத்து வராது. மேப்பிள்ல வாளியை மாட்டிட்டு தூங்கப் போயிடலாம். பனையில அது நடக்காது. ஏன் நடக்காதுங்கிறதுலதான் இந்தக் கட்டுரையோட பாதி விஷயம் இருக்கு. மீதிப் பாதி நமக்குப் பழகின ஹீட் டிரான்ஸ்ஃபர்.

இதை எழுத பனமலையை விட நல்ல இடம் கிடைக்காது. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவுல, ஏரிக்கரை ஓரமா நிக்கிற சின்னக் குன்று. மேல இருக்கிற கோயில் ராஜசிம்ம பல்லவன் கட்டினது. காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டின அதே ராஜாதான், 1300 வருஷத்துக்கு முன்னாடி. சாமி பேரு தாளகிரீஸ்வரர். வடமொழியில 'தால'ன்னா பனை, 'கிரி'ன்னா மலை. ஊர்ப்பேரைத்தான் அப்படியே மாத்தி வெச்சிருக்காங்க. சுவர்ல இருக்கிற அம்மன் ஓவியத்தைப் பாக்கத்தான் எல்லாரும் மேல ஏறுவாங்க. பாத்துட்டு இறங்கும்போது கொஞ்சம் சுத்தியும் பாருங்க. இந்தப் பக்கம் பனை இல்லாத ஊர்ப்பேரே கம்மி. விக்கிரவாண்டி பக்கத்துல இருக்கிற பனையபுரத்துக்குத் தேவாரத்துல பேரு புறவார் பனங்காட்டூர். அங்க இருக்கிற சிவன் பேரும் பனங்காட்டீஸ்வரர். அதே விக்கிரவாண்டி பக்கம் பூரிகுடிசை, நரசிங்கனூர் மாதிரி ஊர்கள்ல பனையேறிகள் இன்னமும் மரம் ஏறிட்டு இருக்காங்க.

மரம் ஏன் சாறு தருது?

மேப்பிள் சாறு வர்றது சைலம் வழியா. பள்ளிக்கூடத்துல படிச்சது ஞாபகம் இருக்கும், வேர்ல இருந்து தண்ணியை மேல கொண்டு போற குழாய். ராத்திரி பூஜ்ஜியத்துக்குக் கீழ போய், பகல்ல பூஜ்ஜியத்துக்கு மேல வரணும். உறையும்போது மரத்துக்குள்ள இருக்கிற காத்து அமுங்கும், உருகும்போது அது விரிஞ்சு சாறை வெளிய தள்ளும். இயற்கையே ஓட்டுற ஒரு பம்ப். சீசனுக்கு ஒரு தடவை ஓட்டை போட்டா வாரக்கணக்குல சொட்டும். ஆனா வர்றது கிட்டத்தட்ட தண்ணிதான். சர்க்கரை 2 சதவீதம் இருந்தாலே நல்ல மரம்.

பனையில வர்றது புளோயம் சாறு. இலையில தயாரான சர்க்கரை பூவுக்கும் காய்க்கும் போற பாதை அது. பனை பாளை விடுற நேரத்துல மரம் தன்னோட சேமிப்பை எல்லாம் அங்க அனுப்பிட்டு இருக்கும். பனையேறி செய்யுறது, அந்த பார்சலை வழியில மறிக்கிறதுதான். அதனாலதான் பதநீர்ல சர்க்கரை 10, 12 சதவீதம் வரைக்கும் இருக்கு. மேப்பிள் சாறை விட அஞ்சாறு மடங்கு.

ஆனா மறிக்கிறது அவ்வளவு லேசு இல்ல. முதல்ல பாளைகளைச் சேத்துக் கட்டணும். அப்புறம் இடுக்கி மாதிரி இருக்கிற கடிப்பால தினமும் பக்குவமா நசுக்கி விடணும். ஆண் பனைக்கு ஒரு மாதிரி கடிப்பு, பெண் பனைக்கு வேற மாதிரி. பல நாள் இப்படிப் பழக்கின பிறகு பாளை நுனியைச் சீவினா சாறு ஊற ஆரம்பிக்கும். நம்ம கையில வெட்டுப்பட்டா ரத்தம் உறையுற மாதிரி, மரமும் அந்த வெட்டை அடைச்சுக்கும். அதனால காலையும் மாலையும் ஏறி, மெல்லிசா ஒரு சீவு சீவி புது வாய் திறந்து விடணும். ஒரு நாள் விட்டா ஊத்து குறையும். சில நாள் விட்டா அந்தப் பாளையே போச்சு. நெருக்கமா, காகிதம் மாதிரி சீவணும். தடிமனா சீவினா சீசன் முடியுறதுக்கு முன்னாடி பாளை முடிஞ்சிடும்.

வாளி மாட்டிட்டு தூங்க முடியாததுக்கு முதல் காரணம் இது. பெண் பனையில பதநீர் எடுத்த பாளையில நுங்கு வராது. ரெண்டுல ஒண்ணுதான். திண்டிவனம் ரோட்டுல கோடைக்கு நுங்கு வெட்டுறாங்கல்ல, அது பதநீராகாம விட்ட பாளை.

கலயத்துக்குள்ள இருக்கிற வெள்ளைக் கோடு

இரண்டாவது காரணம் சுண்ணாம்பு.

பாளையில இருந்து சொட்டுறப்போ அது சுத்தமான சர்க்கரைத் தண்ணி. காத்துல, பாளையில, பழைய கலயத்துல எல்லாம் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இருக்கு. நம்ம ஊரு வெயில்ல, சில மணி நேரத்துல அதுங்க வேலையை ஆரம்பிச்சிடும். சர்க்கரை ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் ஆகும், நுரைக்கும், புளிக்கும். அதுதான் கள். அதையும் விட்டு வெச்சா ஆல்கஹால் அசிட்டிக் அமிலமாகி வினிகர் ஆயிடும். கனடாக்காரருக்கு இந்தப் பிரச்சனை ரொம்ப கம்மி. அவரு தோட்டமே ஒரு ஃபிரிட்ஜ்.

நம்மகிட்ட ஃபிரிட்ஜ் இல்ல, அதுக்குப் பதிலா சுண்ணாம்பு. கலயத்தோட உள்பக்கம் முழுக்க சுண்ணாம்பைத் தடவிட்டுத்தான் பாளையில கட்டுவாங்க. கால்சியம் ஹைட்ராக்சைடு சாறுல கரைய, பிஹெச் 8-ஐத் தாண்டி காரப்பக்கம் போயிடும். அந்த இடத்துல ஈஸ்ட் சரியா வளராது. பதநீர் இனிப்பாவே இருக்கும்.

சுண்ணாம்பு இன்னொரு வேலையும் பண்ணுது. எனக்கு இது கெமிஸ்ட்ரி லேப்ல படிச்சப்போ புரியல, கருப்பட்டி காய்ச்சுற இடத்துல நின்னப்போதான் புரிஞ்சது. சாறு புளிச்சு அமிலமாச்சுன்னா, சுக்ரோஸ் உடைஞ்சு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆகும். இந்த ரெண்டும் கலந்த பாகு லேசுல படிகமாகாது. நீங்க எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் அச்சுல ஊத்தினா பிசுபிசுன்னு நிக்கும், கருப்பட்டியா இறுகாது. புளிச்ச பதநீர்ல கருப்பட்டி "பிடிக்காது"ன்னு சொல்றது இதைத்தான். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை மாதிரி இடத்துலயும் கரும்புச் சாறு பிழிஞ்ச உடனே சுண்ணாம்புப் பால் சேக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம். அழுக்கை அடியில படிய வைக்கிறது இன்னொண்ணு. ஆலைக்காரங்க பிஹெச் மீட்டர் வெச்சுப் பண்றதை, பனையேறி விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பண்றார். கம்மியாப் போனா புளிக்கும். அதிகமாப் போனா நாக்குல அரிக்கும், கருப்பட்டி கருத்து, கரிப்பா ஒரு ருசி வரும்.

இப்போ சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுல 1987 ஜனவரி 1-ல இருந்து கள்ளுக்குத் தடை. பதநீர் அனுமதியோட இறக்கலாம். அதாவது ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். உள்ள வெள்ளைப் பூச்சு இருந்தா அது உணவு, இல்லன்னா அது வழக்கு. வெயில் ஓவரா அடிக்கிற ஒரு நாள், சுண்ணாம்பு கொஞ்சம் கம்மியா விழுந்துச்சுன்னா, காலையில பதநீரா இருந்தது இறக்குறதுக்குள்ள லேசா நுரைச்சிருக்கும். ஈஸ்ட்டுக்கு எந்தச் செக்‌ஷனும் தெரியாது. எங்க பக்கத்து ஊர்ல மரம் ஏறுற ஒரு அண்ணன்கிட்ட பேசினப்போ, மரத்துல இருந்து விழுறதை விட இதுக்குத்தான் அதிகம் பயப்படுறதா சொன்னார். விழுந்தா எனக்கு மட்டும்தான் போச்சு, கேஸ் ஆச்சுன்னா குடும்பமே அலையணும்னார்.

கள்ளுத் தடை சரியா தப்பாங்கிற விவாதம் தனியா ஓடிட்டு இருக்கு. 2023 மே மாசம் மரக்காணம் பக்கம் விஷச் சாராயம் குடிச்சு ஆளுங்க செத்தப்போவும், அடுத்த வருஷம் கள்ளக்குறிச்சியிலயும் அது பெருசாச்சு. அங்க ஆளைக் கொன்னது மெத்தனால். மரத்துல இருந்து வந்தது இல்ல, ஆலையில பயன்படுத்துற ரசாயனம். அதை மட்டும் இங்க குறிச்சு வெச்சுக்குவோம். என் கவலை இப்போ பாகு.

அடுப்புக் கணக்கு

மேப்பிள்காரங்ககிட்ட ஒரு சுருக்கு வழி இருக்கு. 86-ஐ சாறோட சர்க்கரைச் சதவீதத்தால வகுத்தா, ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் சாறு வேணும்னு வரும். 2 சதவீதச் சாறுன்னா 43 லிட்டர். 12 சதவீதப் பதநீர்ல அதே கணக்கைப் போடுங்க. 7 லிட்டர்தான்! அவங்க 42 லிட்டர் தண்ணியை ஆவியாக்கி எடுக்கிறதை நாம 6 லிட்டர்ல முடிக்கிறோம். அதனாலதான் பெரிய மேப்பிள் பண்ணைகள்ல முதல்ல ஆர்.ஓ. மெஷின்ல பாதிக்கு மேல தண்ணியை எடுத்துட்டு, அப்புறம் அடுப்புல ஏத்துறாங்க.

பாகுன்னா எங்க நிறுத்தணும்? சர்க்கரை 66 சதவீதம் வந்ததும். இந்த 66 எங்கிருந்து வந்துச்சு? அறை வெப்பத்துல ஒரு கிராம் தண்ணி சுமார் ரெண்டு கிராம் சர்க்கரையைத்தான் கரைச்சு வெச்சுக்கும். அதாவது 67 சதவீதம். அதுக்கு மேல காய்ச்சினா ஆறினதும் பாட்டில் அடியில கல்கண்டு கட்டும். ரொம்பக் கீழ நிறுத்தினா பூஞ்சை வரும். 66 அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற குறுகலான இடம். அந்த அடர்த்தியில பாகு கொதிக்கிற வெப்பம் சாதாரண தண்ணியை விட 4 டிகிரி அதிகம், சுமார் 104. ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரியில 'கொதிநிலை ஏற்றம்'னு ரெண்டு மார்க் கேள்வியா வருமே, அதேதான்.

நிறுத்தாம காய்ச்சிட்டே போனா 115, 120 பக்கம் கருப்பட்டிப் பதம். அங்க தெர்மாமீட்டர் யாரும் வெக்கிறது இல்ல. ஒரு துளியைத் தண்ணியில விட்டு, அது உருண்டையா சேருதான்னு பாப்பாங்க. பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவாங்க. அந்த எண்ணெய் நுரையோட மேற்பரப்பு இழுவிசையைக் கெடுத்து அடக்கிடும். அப்புறம் கொட்டாங்குச்சி அச்சுல ஊத்தி ஆற விட்டா கருப்பட்டி. பனங்கற்கண்டு வேணும்னா கருப்பட்டிப் பதம் வர்றதுக்கு முன்னாடியே இறக்கி, உள்ள நூல் கட்டின பாத்திரத்துல வாரக்கணக்குல அசையாம வெச்சிருக்கணும். படிகம் நூலைப் பிடிச்சு வளரும்.

பாகாவே நிறுத்துறது நம்ம பக்கம் பெரிசா வழக்கம் இல்ல. இலங்கையில உண்டு. கூந்தற்பனைச் சாறைக் காய்ச்சி 'கித்துள் பாணி'ன்னு பாட்டில்ல விக்கிறாங்க, தயிர்ல ஊத்திச் சாப்பிடுவாங்க. மேப்பிள் சிரப்புக்கு நிஜமான அண்ணன் தம்பி அதுதான்.

எட்டு லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டின்னு சொல்ற ஊர்க்கணக்கு சரியான்னு பாருங்க. 8 கிலோவுல 12 சதவீதம் 0.96 கிலோ. கச்சிதம். இப்போ எரிபொருள். 7 கிலோ தண்ணியை ஆவியாக்க, கிலோவுக்கு 2257 கிலோ ஜூல் வீதம் 15.8 மெகா ஜூல். கொதிநிலைக்குக் கொண்டு வர இன்னும் ரெண்டரை. மொத்தம் 18 மெகா ஜூல்னு வெச்சுக்குங்க. விறகு கிலோவுக்கு 15 மெகா ஜூல் தரும், ஆனா திறந்த அடுப்புல பாதிக்கு மேல காத்துக்குத்தான் போகும். 15 சதவீதம் பாத்திரத்துக்குப் போச்சுன்னு எடுத்தா 8 கிலோ விறகு. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு கிலோ விறகு! காய்ஞ்ச பனை ஓலையும் மட்டையும் வேலிக்காத்தானும் எரியுற இடத்துல நின்னு பாத்தா இந்த நம்பரை நம்புவீங்க. அடுப்பை மூடி, சூளை மாதிரி புகைபோக்கி வெச்சு, 30 சதவீதத்துக்குக் கொண்டு வந்தாலே விறகு பாதியாகும். ஃபைனல் இயர் புராஜெக்ட் தேடுற மெக்கானிக்கல் பசங்க கவனிக்க.

இங்க விலையையும் பாத்துடுங்க. உங்க ஊர்ல ஒரு லிட்டர் பதநீர் என்ன விலைன்னு கேளுங்க, எட்டால பெருக்குங்க, விறகையும் அஞ்சாறு மணி நேர வேலையையும் சேருங்க. கடையில கருப்பட்டி அதை விடக் கம்மியா கிடைக்குதுன்னா, அதுல பனை எவ்வளவு, வெள்ளைச் சர்க்கரை எவ்வளவுன்னு யோசிக்கணும். உடன்குடி கருப்பட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கொடுத்திருக்காங்க. கலப்படக்காரங்க நடுவுல அசலுக்கு ஒரு அடையாளம். நம்ம விழுப்புரம் பக்கத்துக் கருப்பட்டியை இன்னமும் தெரிஞ்ச ஆள்கிட்ட வாங்குறதுதான் ஒரே வழி. அப்புறம், "சுகர் இருக்கிறவங்க எவ்வளவு வேணாலும் சாப்பிடலாம்"னு ஃபார்வர்டு வந்தா நம்பாதீங்க. கருப்பட்டியில பெரும்பங்கு சுக்ரோஸ்தான். ருசிக்காக சாப்பிடுங்க, மருந்துக்காக இல்ல.

ஏறுற கணக்கு

ஒரு பனையேறி 20 மரம் பாக்குறார்னு வைங்க, ஒவ்வொண்ணும் 15 மீட்டர். காலையும் மாலையும் ஏறணும். 40 ஏற்றம், 600 மீட்டர். செஞ்சி ராஜகிரிக் கோட்டை நம்மள்ல பல பேர் டூர் போய் மூச்சு வாங்கி ஏறினதுதானே? 800 அடி, கிட்டத்தட்ட 240 மீட்டர். அதை தினமும் ரெண்டரைத் தடவை, படிக்கட்டு இல்லாம, கால்ல தளைநார் மாட்டி, இடுப்புல அரிவாளும் சுண்ணாம்பும் கட்டி, இறங்கும்போது நிறைஞ்ச கலயத்தோட.

இதை ஜூல்ல போட்டுப் பாத்தேன். ஆளும் சாமானும் 75 கிலோன்னு எடுத்தா, ஒரு நாளைக்கு அவர் செய்யுற இயந்திர வேலை 441 கிலோ ஜூல். அதாவது 0.44 மெகா ஜூல். மரத்துக்கு ரெண்டு லிட்டர்னு 40 லிட்டர் இறக்கினா 5 கிலோ கருப்பட்டி, அதைக் காய்ச்சப் பாத்திரத்துக்குள்ள போற சூடு 90 மெகா ஜூல். விகிதம் என்ன? அரை சதவீதம்! மொத்த சக்தியில அரை சதவீதம்தான் ஏறுறதுக்கு. மீதி 99.5 சதவீதத்துக்கு விறகு, கேஸ், சோலார், நீராவின்னு ஆயிரம் வழி இருக்கு. அந்த அரை சதவீதத்துக்கு மட்டும் இன்னைக்கு வரைக்கும் ஆள்தான்.

மெஷின் ஏன் வரலைன்னு கேப்பீங்க. தென்னைக்கு வந்துடுச்சே? தேங்காய் பறிக்க ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஏறினாப் போதும். பனைக்கு தினம் ரெண்டு தடவை, அதனால மெஷினை மாட்டிக் கழட்டுற நேரம்தான் முக்கியம். 20 மரத்துக்கு மரம் அஞ்சு நிமிஷம் போச்சுன்னா காலையில மட்டும் நூறு நிமிஷம் காலி. பனைத் தண்டு கீழ தடிச்சு, நடுவுல மெலிஞ்சு, சில மரத்துல மறுபடி பருத்துப் போகும். மேல போனதும் கருக்கு மட்டை ரம்பம் மாதிரி கையை அறுக்கும், அதைத் தாண்டி உள்ள போய் பாளையைப் பிடிக்கணும். மெஷின் கழுத்து வரைக்கும் கொண்டு போய் விட்டுடும், அங்கிருந்துதான் வேலையே ஆரம்பம். நல்ல பனையேறும் கருவி கண்டுபிடிக்கிறவங்களுக்கு விருதுன்னு தமிழ்நாடு அரசே அறிவிச்சது. ஏறுறதை மட்டும் யோசிக்காம, விழாம காப்பாத்துற ஒரு லேசான கயிறு-கவ்வி அமைப்பை யோசிச்சாலே பெரிய விஷயம்னு எனக்குப் படுது. தளைநார் கால்ல பிடிமானம் தரும், ஆனா கை வழுக்கினா ஆளைப் பிடிக்காது. 15 மீட்டர்ல இருந்து தரைக்கு வர ஒண்ணே முக்கால் செகண்டுதான்.

ஏற ஆள் இல்லாத பனைக்கு என்ன நடக்கும்னு நமக்கெல்லாம் தெரியும். செங்கல் சூளைக்குப் போகும். 2021-ல இருந்து பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு அரசு சொல்லியிருக்கு, நல்ல விஷயம்தான். ஆனா வெட்டாம நிக்கிறதும் பாளை சீவப்படுறதும் வேற வேற. கொட்டை போட்டு பாளை விட பதினஞ்சு வருஷம் ஆகலாம். பனையேற ஒரு ஆளைப் பழக்க அவ்வளவு ஆகாது, ஆனா அதுக்கு அவர் பையன் நம்ம காலேஜ்ல சீட் வேணாம்னு சொல்லணும். யாரு சொல்லுவா? அந்த அண்ணனோட பையனும் டிப்ளமோ படிக்கிறான். அவருக்கு அதுல சந்தோஷம்தான்.

நீங்களே ஒரு பாட்டில் பண்ணிப் பாக்கணும்னா

தை முடிஞ்சு வெயில் ஏற ஆரம்பிச்சதும் பதநீர் வரத்து தொடங்கும், ஆடி வாக்குல நின்னுடும். காலையில சீக்கிரம் போங்க. பதநீரைப் பச்சையா வித்தாத்தான் அவங்களுக்குக் கட்டுப்படி, விக்காம மிஞ்சுறதைத்தான் காய்ச்சுவாங்க. அதனால வெயில் வந்தப்புறம் போனா உங்களுக்கு மிஞ்சாது.

என் முதல் முயற்சி கேவலமா முடிஞ்சது. நாலு லிட்டரை பிளாஸ்டிக் கேன்ல வாங்கி, மூடியை இறுக்கி, பஸ்ல மூணு மணி நேரம். வழியில டீ குடிக்க வேற இறங்கினேன். நான் குடிக்கத்தான் வாங்குறேன்னு நினைச்சு அந்த அண்ணன் சுண்ணாம்பு கம்மியா இருந்த கலயத்துல இருந்து ஊத்திட்டார், நானும் காய்ச்சப் போறேன்னு சொல்லல. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தா சோடா பாட்டில் சத்தம். அம்மா மூக்கைப் பொத்திட்டு கேனை வாசலுக்கு வெளிய வெச்சாங்க. அப்பா மட்டும் வாசனை பிடிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டார்.

அதனால முதல்லயே "காய்ச்சுறதுக்கு"ன்னு சொல்லி வாங்குங்க. லேப்ல இருந்து ரெண்டு பிஹெச் பேப்பர் எடுத்துட்டுப் போனா இன்னும் நல்லது. 8-க்கு மேல காட்டணும், 6 பக்கம் காட்டினா பாகுக்கு ஆகாது. துணியில வடிகட்டி ஒண்ணு ரெண்டு மணி நேரம் அசைக்காம வெச்சா சுண்ணாம்பு அடியில படியும். மேல தெளிஞ்சதை மட்டும் அகலமான, அடி கனமான பாத்திரத்துல ஊத்துங்க. அகலம் முக்கியம், ஆவி போறது மேற்பரப்பு வழியாத்தான். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், காரம் அதை அரிக்கும். எவர்சில்வர் போதும்.

முதல்ல நல்லா எரிய விடலாம். மேல வர்ற அழுக்கு நுரையைக் கரண்டியால எடுத்துட்டே இருங்க. நாலுல மூணு பங்கு வத்தினதும் தீயைக் குறைங்க. அதுக்கப்புறம்தான் பொங்கும், அடியும் பிடிக்கும். ஆமணக்கு முத்து வீட்டுல வேண்டாம், பச்சையா வாயில போனா விஷம். அரை ஸ்பூன் நெய் அதே வேலையைச் செய்யும். தெர்மாமீட்டர் 104 காட்டினதும் இறக்குங்க. தெர்மாமீட்டர் இல்லன்னா அளவுதான்: நாலு லிட்டர் ஊத்தினீங்கன்னா 550 மில்லி பக்கம் வந்ததும் நிறுத்தணும். கேஸ் அடுப்புல சுமார் 300 கிராம் கேஸ் செலவாகும்னு கணக்கு வருது. அதாவது ஒரு சிலிண்டர்ல நாப்பது நாப்பத்தஞ்சு தடவை காய்ச்சலாம். அம்மாகிட்ட முன்கூட்டியே இந்த நம்பரைச் சொல்லிடுங்க.

சூடாவே கண்ணாடி பாட்டில்ல ஊத்தி மூடுங்க. என் இரண்டாவது பாட்டில் 102-லயே இறக்கினது, கொஞ்சம் தண்ணியா இருந்துச்சு, ஃபிரிட்ஜ்ல வெச்சுத்தான் காப்பாத்தினேன். கலர் மேப்பிள் சிரப்பை விடக் கருப்பு. வாசனை சுட்ட பனம்பழமும் புகையும் கலந்த மாதிரி. ஆப்பத்துக்கு ஊத்தலாம், தயிர்ல ஊத்தலாம். ஹாஸ்டலுக்கு ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போனேன். முதல்ல அந்தக் கேள்வியைக் கேட்ட நண்பன் ரூம்ல யாரும் இல்லாத நேரம் பாத்து, மெஸ் தோசைக்குத் தொட்டே காலி பண்ணிட்டான். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தப்போ அடுத்த சீசன் எப்போன்னு மட்டும் கேட்டான்.